சாகாவா, மைவியா? பின் போனட்டைப் பார்த்து எடுத்த முடிவு

பழைய காடி (கார்) தேடுகிறேன் என்று மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாரிடம் சொன்னாலும் பேச்சு இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: புரோட்டோன் சாகா, பெரோடுவா மைவி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் மைவி என்றார், நான் சாகா என்றேன். கடைசியில் 2020-ஆம் ஆண்டு சாகா ஒன்றை வாங்கினோம். தங்கை வீட்டில் 1.3 லிட்டர் எஞ்சின் மைவி இருக்கிறது. அவள் வெளியூர் போகும்போது அது எங்கள் வாசலில்தான் நிற்கும், நான்தான் ஓட்டுவேன். இந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே 1.3 என்றால் ரோட் டேக்ஸ் ஒன்றுதான், ஆண்டுக்கு 70 வெள்ளி. 1.5 மைவி என்றால் 90. உதிரிச் சாமான் இரண்டுக்கும் பட்டணத்திலேயே கிடைக்கும். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இரண்டையும் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சாகா எஞ்சினில் டைமிங் பெல்ட், மைவியில் செயின். பெல்ட்டைக் காலத்தில் மாற்ற வேண்டும், அந்தச் செலவு சாகாவுக்குக் கூடுதல். பெட்ரோலிலும் மைவி கொஞ்சம் சிக்கனம். திரும்ப விற்கும்போது மைவிக்குத்தான் நல்ல விலை, அதுவும் சீக்கிரம் போய்விடும். ஆனால் வாங்கும்போது அதே வயது சாகா நல்ல மலிவாகக் கிடைக்கிறது. பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் விற்கும் விலையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பாதுகாப்பை மட்டும் அப்படிக் கடந்து போக மாட்டேன். 2017-இல் வந்த மைவிக்கு ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், 2016 சாகாவுக்கு நான்கு. அந்த மைவியில் குறைந்தது நான்கு ஏர்பேக், அந்தச் சாகாவில் இரண்டு. புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்குக் காடி தேடுகிறீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மைவியை வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் ஓட்டுவது நாங்கள் இருவர்தான், இருவருமே நிதானம். அதனால் வேறு ஒன்றைப் பார்க்க முடிந்தது. அதுதான் பின் போனட். சாகாவுக்கு 420 லிட்டர், மைவிக்கு 277. ஆனால் நான் சொல்ல வந்தது அளவை அல்ல. சாகாவில் சாமான் வைக்கும் இடம் தனி அறை. மைவியில் அது நாம் உட்காரும் இடத்தின் தொடர்ச்சி. மேலே ஒரு மூடி இருக்கிறது, உண்மைதான். அது கண்ணுக்குத்தான் மறைப்பு, மூக்குக்கு இல்லை.

தோட்டப் பட்டணத்தில் ஒரு காடி என்னென்ன சுமக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாரில் கெம்போங் மீன், நண்டு, ஆட்டிறைச்சி. அதே காடியில் மாலையில் கோயிலுக்கு மாலை, பூ, பால். எங்கள் மாமியார் தைப்பூசத்துக்கு விரதம் பிடித்தால் மீன் ஏறிய காடியில் ஏற மாட்டார். அதை மூடப்பழக்கம் என்று சிலர் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தபோதே ஒரே அடுப்பில் சைவமும் அசைவமும் சமைத்தாலும் சட்டியைத் தனித்தனியாக வைத்திருந்தவர். பால்குடத்துக்கு வைத்திருக்கும் பாலில் மீன் வாடை பட்டால் அவருக்கு மனசு ஒப்பாது. அது அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். சாகா வந்த பிறகு இந்தப் பிரச்சினையே இல்லை. மீன் பின்னால் போகும். பூவும் பாலும் முன்னால் மாமியார் மடியில் வரும்.

அப்புறம் டுரியான். எங்கள் பக்கம் ஆண்டு நடுவில் பழம் விழத் தொடங்கும். ஆடி மாதமும் அதை ஒட்டித்தான் வரும். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் கூழும் திருவிழாவும், மறுபக்கம் சாலையோரம் குவித்து வைத்த டுரியான். தங்கையின் மைவியில் ஒரு கூடைப் பழம் ஏற்றிச் செம்மோர் வரை போய் வந்தால், கூரைத் துணியில் ஒட்டிய வாடை ஒரு வாரம் போகாது. கண்ணாடியை இறக்கினாலும், காப்பித்தூளை ஒரு கிண்ணத்தில் வைத்தாலும் அது தன் பாட்டுக்கு இருக்கும். சாகாவில் வாடை அறவே வராது என்று சொல்ல மாட்டேன். இரவு முழுக்கப் பழத்தைப் பின்னால் விட்டுவைத்தால் சீட்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். போன உடனே இறக்கிவிட்டால் போதும்.

மூன்றாவது, மகனின் உறுமி மேளம். அவன் குழுவில் தவில் வாசிக்கிறான். திருவிழாக் காலத்தில் தவிலையும் உறுமியையும் ஏற்றிக்கொண்டு அவனையும் அவன் நண்பர்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் விட வேண்டும். சாகாவில் மேளம் பின்னால் படுத்துக்கொள்ளும், பிள்ளைகள் சீட்டில் உட்காருவார்கள். மைவியில் பின் சீட்டில் பாதியை மடக்கினால்தான் மேளம் ஏறும், அப்புறம் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்காது. சத்தமும் ஒரு விஷயம்தான். கட்டாமல் வைத்த உறுமி மேடுபள்ளத்தில் உருண்டால் மைவியில் அது காதுக்குள் கேட்கும்.

இங்கே மைவியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பின் சீட்டு மடங்குவதால் நீளமான சாமானுக்கு அதுதான் வசதி. பிள்ளையின் சைக்கிள், இரும்புக் குழாய், உயரமான பூந்தொட்டி எல்லாம் மேல் கதவைத் தூக்கினால் ஏறிவிடும். சாகாவின் போனட் வாய் சிறியது. உள்ளே இடம் இருந்தும் பெட்டி நுழையாமல் நிற்கும். காவடிக்கு இரண்டுமே உதவாது, அதற்கு லோரிதான். இன்னொன்று, மூடிய போனட்டில் ஏர்கொண் கிடையாது. மத்தியான வெயிலில் மீனை ஐஸ் பெட்டி இல்லாமல் வைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் கெட்டுவிடும், பிழிந்த தேங்காய்ப்பாலும் அப்படியே. நாங்கள் ஒரு போலிஸ்டைரின் ஐஸ் பெட்டியை நிரந்தரமாகப் பின்னால் வைத்திருக்கிறோம். மாமியாருக்கு முட்டிவலி என்பதால் மைவியில் ஏறி இறங்குவதுதான் சுலபம், சீட்டு உயரம். சாகாவில் அவர் குனிந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கைகொடுத்துத்தான் எழுப்புகிறேன். இந்த ஒன்றில் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி.

ஓட்டுவதைப் பொறுத்தவரை எனக்குச் சாகாதான் பிடிக்கிறது. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் லோரிச் சக்கரம் தோண்டிய பள்ளங்களில் அது நிதானமாக இறங்கி ஏறுகிறது. மைவி துள்ளுகிறது. சாகாவின் ஸ்டீயரிங் கொஞ்சம் கனம், ஆனால் சாலை கைக்குத் தெரிகிறது. பசாரில் பார்க்கிங் போட மைவியின் லேசான ஸ்டீயரிங் சுகம். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் கோலகங்சார் பக்கம் போனால் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் இரண்டு 1.3 காடிகளும் முக்கும். ஆள் நிறைய இருந்தால் இடதுபக்கத்திலேயே போக வேண்டியதுதான். 1.5 மைவி அந்த மேட்டை நன்றாக ஏறும் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். நான் அதைத் தூரப் பயணத்துக்கு ஓட்டியதில்லை, அதனால் அவர்கள் பேச்சை அப்படியே தருகிறேன். பாட்டு விஷயத்தில் இரண்டிலும் ஸ்பீக்கர் சுமார்தான். காலையில் மின்னல் எஃப்எம்மில் பக்திப் பாடல் கேட்க எனக்கு அது போதும். மகனுக்குப் போதவில்லை.

தோட்டத்தில் என் சின்ன வயதில் காடி என்றாலே 1985-இல் வந்த அந்த முதல் சாகாதான். மைவி வந்தது 2005-இல். அந்தப் பழைய பாசமும் என் முடிவில் கொஞ்சம் கலந்திருக்கலாம். இருந்தாலும் மீன், பூ, டுரியான், மேளம் நாலும் ஒரே வாரத்தில் ஏறுகிற வீடு என்றால் தயங்காமல் சாகா என்று சொல்வேன். அசைவம் சமைக்காத வீட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் அப்படித்தான். அவர்கள் மைவி வாங்கினால் நான் மறுக்க மாட்டேன்.

பழைய சாகா பார்க்கிறவர்கள் ஆண்டைக் கவனியுங்கள். 2016-இல் வந்த மாடலின் ஆட்டோவில் சிவிடி கியர், அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் வகை. 2019 ஆகஸ்டில் புதுப்பித்தபோதுதான் ஹுண்டாயின் நான்கு கியர் ஆட்டோ வந்தது. அதை விரும்பித்தான் நாங்கள் 2020-ஐத் தேடினோம். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். பின் போனட்டைத் திறந்து விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமோ துருவோ இருந்தால் ரப்பர் தளர்ந்து மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காடியில் வாடையும் உள்ளே வரும், விலையைக் குறைத்துத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.