தனியாக வந்தால் துப்பாக்கி கிடையாது: சுடுதள விதிகளில் எது உருப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கியை வாடகைக்குத் தந்து, அங்கேயே குறி பார்த்துச் சுட விடும் சுடுதளங்கள் பலவற்றில், தனி ஆளாக வந்து நிற்பவரிடம் "கூட யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் துப்பாக்கி கிடையாது. சொந்தத் துப்பாக்கியோடு வருபவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் இல்லை. காசு கொடுத்துச் சுட வந்தவருக்கு எதற்குத் துணை என்று நமக்குத் தோன்றும்.

காரணம் கசப்பானது: தனியாக வருபவர் வாடகைத் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொள்வாரோ என்ற பயம். அந்நாட்டில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். கடையில் துப்பாக்கி வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை உண்டு. தளத்துக்குள்ளேயே சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பவருக்கு நாடு தழுவிய சட்டம் அதைக் கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு முதலாளியும் தனக்குத் தோன்றிய விதியை வைத்திருக்கிறார். எல்லா விதியும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது: துப்பாக்கி பிடித்தவர் பக்கத்தில் யார் நிற்பது, அதற்கு யார் செலவழிப்பது?

துணை விதியில் அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில். தளத்துக்குக் காலணா செலவில்லை, அதனால்தான் இது இவ்வளவு பரவலாக இருக்கிறது. ஆனாலும் பயன் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். முயன்று பிழைத்தவர்களில் ஏறக்குறைய 10-க்கு 9 பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிடும் எந்தத் தடையும் வீணல்ல. (இதைப் படிப்பவர் யாருக்காவது மனசு அப்படிக் கனத்திருந்தால், இந்தியாவில் 14416, அமெரிக்காவில் 988, கூப்பிட்டுப் பேசுங்கள்.) குறை என்னவென்றால், அடிபடுவது அப்பாவிகளும்தான். புது ஊருக்கு வேலைக்கு வந்தவர், துணை இழந்தவர், யாருக்கும் சொல்லாமல் கற்றுக்கொள்ள நினைக்கும் பெண் எல்லாரும் வாசலோடு திரும்ப வேண்டும். அறிமுக வகுப்பை முடித்தவருக்கும் உறுப்பினருக்கும் விதியைத் தளர்த்தும் தளங்கள் இருக்கின்றன. அது நியாயம்.

இரண்டாவது, வந்தவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதை மட்டும் நம்பும் தளங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்து வழக்கு வந்தால் முதலாளிக்கு உதவும், வந்தவருக்கு அல்ல. கவுன்டரில் இருப்பவரின் கண்தான் உதவும். 2009-ல் நியூ ஹாம்ஷைரில், ஒரு வாரம்கூட ஆகாத இடைவெளிக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். அது விற்பனைக் கடை, வாடகைத் தளம் அல்ல. ஆனால் அந்த அதிர்ச்சியில்தான் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து, வந்தவரிடம் என்ன பேசுவது, எப்போது 'இன்றைக்கு வேண்டாம்' என்று மறுப்பது என்று கடை ஊழியர்களுக்குக் கையேடு தயாரித்தார்கள். 2016-ல் துப்பாக்கித் தொழில் சங்கமும் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளையும் கைகோத்து, இதே வேலையை நாடு முழுக்க, சுடுதளங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டன.

மூன்றாவது, லாஸ் வேகாஸ் பாணி. சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் தளங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர். தோட்டா போடுவது அவர், சுடும் இடத்தில் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது அவர், சுட்டு முடித்ததும் வாங்கிக்கொள்வதும் அவர். கை எட்டும் தூரத்தை விட்டு விலக மாட்டார். தனியாக வந்தவரும் சுடலாம். யாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. செலவுதான் கொஞ்சம் கூடிவிடும். அதற்காக ஆள் நின்றாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2014-ல் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமி கையில், விசையை அழுத்தினால் தொடர்ந்து சுடும் ஊஸி என்ற தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தபோது, துப்பாக்கி எம்பித் திரும்பி, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரே இறந்துபோனார். யார் கையில் எந்தத் துப்பாக்கி, முதல் முறை எத்தனை தோட்டா என்பதற்கும் விதி வேண்டும். புதியவருக்கு முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

தென் கொரியா வேறு வழியில் போகிறது. அங்கே உள்ளரங்கத் தளங்களில் துப்பாக்கியைச் சுடும் மேடையோடு இணைத்துப் பூட்டியிருப்பார்கள். 2015 அக்டோபரில் புசானில் ஒருவர் தள உரிமையாளரைத் தாக்கிக் கைத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அன்றே பிடிபட்டார். அதன் பிறகு பூட்டையும் ஊழியர் எண்ணிக்கையையும் இறுக்கினார்கள். திருட்டுக்கு இது நல்ல மருந்து. ஆனால் சங்கிலி யார் முகத்தையும் பார்க்காது, வந்தவரிடம் பேச்சும் கொடுக்காது. சுடுவதில் உள்ள சுகமும் பாதி போய்விடும் என்று பழகியவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு.

என்னைக் கேட்டால், முதல் முறை வரும் எல்லாருக்கும், துணையோடு வந்தாலும் சரி, பயிற்சியாளர் கட்டாயம். அந்தச் செலவை வாடகையிலேயே சேர்த்துவிடலாம். துணை விதி, ஆள் வைக்க முடியாத சின்னத் தளங்களுக்கு. சொந்தத் துப்பாக்கிக்காரரைக் கேள்வியே இல்லாமல் விடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. துப்பாக்கி சொந்தம் என்பதால் மனசுக்கு உத்தரவாதம் வந்துவிடுமா?

அப்புறம், நம்மவர்களுக்கு ஒரு விஷயம். எச்1பி, மாணவர், சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கே அமெரிக்கச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தால்தான் முடியும். நண்பர் பட்டாளத்தோடு போனாலும், கவுன்டரில் கேட்காமலே விட்டாலும், அந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.