சிப் (zip) கேட்டுப் போகாதேங்கோ: திருநெல்வேலிப் பனையோலைக் கடை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள்ள இருக்கிற சின்னக் கடை, போர்ட் கூட இல்லை, வாசல்ல ரெண்டு கடகமும் (ஓலைக் கூடை) நாலு நீத்துப்பெட்டியும் (பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) தொங்கினா அதுதான். நான் போனது போனுக்கு ஒரு கவர் செய்விக்க. சிப் வைச்சு, உள்ளுக்கு ரெக்சின் ஒட்டி, முன்னுக்கு வட்டமா ஒரு தாமரைப்பூ எண்டு படத்தையும் காட்டினன். கடைக்கார அன்ரி கண்ணாடியை இறக்கிப் பாத்திட்டு, "தம்பி, சிப்பும் பசையும் நான் தொடமாட்டன், வட்டம் ஓலையில வராது" எண்டு சொல்லிப்போட்டா. கடுப்பாத்தான் இருந்தது, காசு குடுக்கிறது நான் எல்லோ.

ஒரு கிழமை எண்டவ, கையில கிடைக்க மூண்டு கிழமை. ஆனா சாமானைப் பாத்தோடன வாய் அடைஞ்சு போச்சு. பழைய கொட்டைப்பெட்டி மாதிரி ஒண்டுக்குள்ள ஒண்டு இறுக்கமாப் போற ரெண்டு துண்டு, எங்கட அப்பப்பா வெத்திலையும் சில்லறையும் வைச்சுக்கொண்டு திரிஞ்ச அதே மொடல், தலைகீழாப் பிடிச்சாலும் போன் விழேல்லை. பூ இன்னும் விசேஷம். ஓலை குறுக்கும் நெடுக்குமாத்தானே ஓடும், அதால ஒவ்வொரு இதழையும் படிப்படியா மூலை மூலையா இறக்கி இழைச்சிருக்கிறா, கிட்டப் பாத்தா வெறும் கட்டம், கையை நீட்டிப் பிடிச்சாத் தாமரை. நான் காட்டின படத்தை இப்ப பாக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு.

கலரும் ரெண்டுதான், ஏன் எண்டு கேட்டன். 90களில, சண்டை நேரம், யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி, மண்ணெண்ணெய், சவுக்காரம் எண்டு எல்லாத்துக்கும் அரசாங்கத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட காலம், சாயமும் இவவுக்குக் கிடைக்கேல்லையாம். வெள்ளைக் குருத்தோலையையும் கொஞ்சம் நிறம் கூடின சார்வோலையையும் மட்டும் வைச்சு டிசைன் போட்டுப் பழகினவவாம். "2002இல சண்டை நிண்டு ஏ9 பாதை திறந்து எல்லாச் சாயமும் வந்தது தம்பி, கை இன்னும் அந்த ரெண்டைத்தான் கேக்குது" எண்டா.

குறை இருக்கு. விளிம்பு கொஞ்சம் கீறும், மழையில நனைச்சு மூடி வைச்சாப் பூஞ்சணம் பிடிக்கும், கார்ட் எடுக்கமாட்டினம். விலை 1,500 ரூபா, பேரம் பேசினாத் திரும்பியும் பாக்கமாட்டா.

லப்ரொப்புக்கும் ஒண்டு சொல்லியிருக்கிறன். கைபிடிக்குத் தோல் வைக்கலாமோ எண்டு வாயைத் திறந்தன், ஒரு பார்வை பாத்தா, பனை நாரே போதும் எண்டு நானே மாத்திச் சொல்லிட்டன்.