பாதரசமா, எண்ணெயா, பச்சைச் சாயமா: நிணநீரைப் பார்க்க எது உதவும்?

இரத்தம் தன் நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். திசுக்களிலிருந்து வடிந்து மறுபடி இரத்தத்தில் சேரும் நிணநீருக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடி போன்ற சுவர் கொண்ட நாளத்துக்குள் ஏறக்குறைய நிறமே இல்லாத நீர் ஓடுகிறது. கத்தியால் திறந்து பார்த்தாலும் தெரியாது. 1622-இல் இத்தாலிய அறுவை மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி வேறு எதையோ பார்ப்பதற்காக ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் பரவிக் கிடந்தன. ஒன்றை வெட்டியதும் பால் போன்ற திரவம் வந்தது. அந்த நாய் சற்று முன்புதான் வயிறாரத் தின்றிருந்தது. உணவின் கொழுப்பு நாளங்களுக்குள் போய் அவற்றை வெளுக்க வைத்திருந்தது. அடுத்து அறுத்த நாய் பட்டினி கிடந்தது, நூல்களைக் காணவில்லை. அவர் இறந்த பிறகு 1627-இல் வெளியான நூலில் அந்த நாளங்கள் வண்ண மரச்செதுக்குப் படங்களாக அச்சேறின.

அசெல்லிக்கு இயற்கை கடன் கொடுத்த நிறத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் தாங்களே உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. எதைச் செலுத்துவது என்பதில்தான் போட்டி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் முறைகள் ஒரு பக்கம், நீர் உண்மையில் எங்கே போகிறது என்று காட்டும் முறைகள் மறுபக்கம். அழகான படங்கள் பெரும்பாலும் முதல் பக்கம். நோயாளிக்குப் பயன்படுபவை பெரும்பாலும் இரண்டாவது பக்கம்.

பாதரசமும் அதன் அழகும்

ஹாலந்தின் ஆன்டன் நுக் 1692-இல் பாதரச முறையை விவரித்தார். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இத்தாலியின் சியேனா நகர உடற்கூற்றாளர் பாவோலோ மஸ்காஞி. சடலத்தின் கை, கால் நுனியில் ஒரு நாளத்தைத் தேடிப் பிடித்து, மயிரிழையாக இழுத்த கண்ணாடிக் குழாயைச் செருகி, பாதரசத்தை ஊற்றுவார். மேலே நிற்கும் பாதரசத்தின் எடையே அதை உள்ளே தள்ளும். நுனியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நிணநாளங்களில் சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு இருக்கிறது. இதயத்தை நோக்கி மட்டுமே அது வழிவிடும். நடுவிலிருந்து செலுத்தினால் நுனிப்பக்கம் ஒரு துளியும் திரும்பாது.

1787-இல் வெளியான மஸ்காஞியின் பெரிய பக்கப் படங்களை இன்று பார்த்தாலும் பிரமிப்பு குறையாது. வெள்ளி மணிகளைக் கோத்தது போல நாளங்கள், ஒவ்வொரு மணிக்கும் இடையே வால்வின் இடுக்கு. ஃபுளோரன்ஸின் லா ஸ்பெக்கோலா அருங்காட்சியகத்தில் மெழுகில் செய்த மாதிரிகளும் இருக்கின்றன. மூளையைச் சுற்றிய உறைகளிலும் நிணநாளங்கள் உண்டு என்றார் அவர். பிற்காலத்தார் அதை ஏற்கவில்லை. 2015-இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளில் அந்த நாளங்களைக் காட்டின.

இந்த முறையின் குறை, அது செத்த உடலில் நடக்கிறது என்பதுதான். பாதரசத்தின் எடை, உயிருள்ளபோது திறக்காத கிளைகளையும் திறந்துவிடும். சில இடங்களில் நாளத்தையே கிழித்துவிடும். போதாததற்கு, பாதரசம் அறுப்பவருக்கும் நஞ்சு. 1896-இல் ருமேனியரான டிமிட்ரி ஜெரோட்டா, ஓவியர்களின் பிரஷ்ய நீலச் சாயத்தை டர்பன்டைனிலும் ஈத்தரிலும் கரைத்துப் பயன்படுத்தியதும் உடற்கூற்றாளர்கள் நிம்மதியாக அதற்கு மாறினார்கள். சாயம் மாறியது, சடலம் மாறவில்லை.

இதன் விலை எவ்வளவு என்பதற்கு ஒரே உதாரணம் போதும். பாரிஸின் உடற்கூற்றாளர் சாப்பே 1874-இல் பாதரசத்தை வைத்தே தோலின் நிணநீர் வடிகால் படத்தை வரைந்தார். அதன்படி, உடலின் நடுக்கோட்டைத் தாண்டி நீர் மறுபக்கம் போகாது. இடுப்பைச் சுற்றிய ஒரு கோட்டுக்கு மேலே உள்ளது அக்குளுக்கு, கீழே உள்ளது தொடை இடுக்குக்கு. புற்றுநோய் நிணநீர் போகும் வழியே பரவும் என்பதால், இந்தக் கோடுகளை நம்பி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தோல் புற்றுநோய் அறுவைகள் நடந்தன. பிறகு உயிருள்ள நோயாளிகளின் தோலில் கதிரியக்கத் துகள்களைச் செலுத்தி, அவற்றின் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவில் பார்த்தபோது நீர் கோடுகளை மதிக்கவில்லை. சிட்னியில் ரோஜர் யூரெனும் ஜான் தாம்சனும் பார்த்த நோயாளிகளில், முதுகில் இருந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து கிளம்பிய நீர் இரண்டு அக்குளுக்கும் போனது. சிலருக்குத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தசைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் கணுவுக்கே (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு) போனது. வாய்க்காலில் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று கேட்பவரிடம் புல வரைபடத்தை நீட்டியிருக்கிறோம்.

எண்ணெய்க்கு எதிராகத் துகள்

உயிருள்ள மனிதரின் நிணநாளத்தை எக்ஸ்ரேயில் காட்டிய பெருமை லண்டன் அறுவை மருத்துவர் ஜான் கின்மாந்துக்கு. 1950-களின் தொடக்கத்தில் அவர் செய்தது இது. கால் விரல்களுக்கு இடையே நீலச் சாயத்தை ஊசி போடுவார். சில நிமிடங்களில் புறங்காலில் நாளம் நீலக் கோடாக மேலெழும். அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, தோலைக் கீறி, நூல் பருமனுள்ள அந்த நாளத்தைச் சதையிலிருந்து பிரித்து, அதற்குள் ஊசியைச் செருகி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை மெல்ல மெல்லச் செலுத்துவார். பிற்பாடு அயோடின் கலந்த எண்ணெயான லிப்பியோடால் வழக்கத்துக்கு வந்தது. சில மில்லிலிட்டர் உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் ஊசி நழுவினால் மறுபடியும் முதலிலிருந்து.

கிடைக்கும் படத்தின் துல்லியத்துக்கு அன்று ஈடில்லை. பிறவியிலேயே நாளங்கள் குறைந்தவர்கள், இல்லாதவர்கள், நாளங்கள் அளவுக்கு மீறிப் பருத்தவர்கள் என்று கால் வீக்க நோயாளிகளைப் பிரித்ததே இந்தப் படங்களை வைத்துத்தான். எண்ணெய் கணுக்களில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்க் கணுப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவியிருக்கிறதா என்று அறியவும் உதவியது. ஆனால் அதே எண்ணெய் மார்பு நிணநாளம் வழியாக இரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஏற்கெனவே பழுதான நாளங்களில் செலுத்தினால் வீக்கம் கூடுவதும் உண்டு. சி.டி. ஸ்கேன் வந்ததும் புற்றுநோய் மருத்துவர்கள் இதைக் கைவிட்டார்கள்.

இதற்குப் போட்டியாக 1953-இலேயே ஷெர்மனும் டெர்-பொகோசியனும் கதிரியக்கத் தங்கத் துகள்களை முயன்றார்கள். கீறல் இல்லை, தோலுக்கடியில் ஓர் ஊசி, அவ்வளவுதான். தங்கத்தின் கதிர்வீச்சு ஊசி போட்ட இடத்தைப் பொசுக்கக்கூடியது என்பதால், பின்னர் 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் அந்த இடத்தைப் பிடித்தது. படம் பார்க்கச் சகிக்காது: மங்கலான புள்ளிகள், கலங்கிய கோடுகள். ஆனால் எந்தக் கால் எவ்வளவு மெதுவாக வடிகிறது, தொடை இடுக்கின் கணுவுக்குத் துகள் எப்போது போய்ச் சேர்ந்தது, நீர் தோலுக்குள் திரும்பிப் பரவுகிறதா என்ற கேள்விகளுக்கு அந்த மங்கலான படமே பதில் சொல்லும். கால் வீக்கம் நிணநீராலா என்று தெரிந்துகொள்ள இவ்விரண்டில் எது என்று கேட்டால், யோசிக்காமல் துகளைச் சொல்வேன்.

பச்சைச் சாயம்

இண்டோசயனின் பச்சை புதிதல்ல. 1950-களில் கோடாக் ஆய்வகத்தில் உருவாகி, இதயத்தையும் கல்லீரலையும் சோதிக்கப் பயன்பட்டுவந்தது. அகச்சிவப்பு ஒளியில் அது மின்னும் என்பதை வைத்து நிணநாளத்தைப் பார்க்கலாம் என்று 2000-களில் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். விளக்கைத் தணித்துவிட்டு, கால் விரலிடுக்கில் ஒரு துளி ஊசி போட்டு, கேமராவைப் பிடித்தால் திரையில் வெள்ளைக் கோடு காலில் ஏறுவது தெரியும். உற்றுப் பார்த்தால் அது சீராக ஏறாது. நாளம் சுருங்கும்போது ஒரு பொட்டலமாக நகரும், நிற்கும், மறுபடி நகரும். நாளம் பழுதானவர்களுக்குக் கோடு கலைந்து, தோல் முழுவதும் பொட்டுப் பொட்டாகச் சிதறும். கதிரியக்கம் கிடையாது. நாளத்தைச் சிரையோடு இணைக்கும் நுண்ணறுவை செய்பவர் தோலின் மேலேயே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளலாம். 

ஆழம்தான் பிரச்சினை. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இந்த ஒளி எட்டாது. பருத்த தொடையிலோ வயிற்றுக்குள்ளோ என்ன நடக்கிறது என்று இதைக் கேட்பதில் அர்த்தமில்லை. அங்கே காமா கேமராவோ எம்.ஆர்.ஐ.யோதான்.

யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த நோயைத் தரும் புழுக்கள் குடியிருப்பதே நிணநாளத்துக்குள்தான். சாயம், எண்ணெய், துகள் எதுவுமில்லாமல், வெறும் அல்ட்ராசவுண்ட் கருவியால் 1994-இல் பிரேசிலின் ரெசீஃபே நகர ஆய்வாளர்கள் ஆண்களின் விதைப்பை நாளங்களில் உயிருள்ள புழுக்கள் நெளிவதைப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தபின் நெளிவு நின்றதா என்று அதே கருவியில் பார்த்துக்கொள்ளலாம். வீங்கிய காலின் வடிகாலைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது, ஆனால் புழு இருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட மலிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

கின்மாந்தின் எண்ணெய் முறை அதோடு போய்விடவில்லை. இப்போது புறங்காலைக் கீறுவதில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே தொடை இடுக்கின் கணுவில் நேராக ஊசியைச் செருகி லிப்பியோடாலைச் செலுத்துகிறார்கள். மார்பு அறுவைக்குப் பின் நிணநாளம் கிழிந்து நெஞ்சுக்குள் பால் போன்ற நீர் சேரும் நோயாளிக்குக் கசிவு எங்கே என்று இது காட்டும். பலருக்கு, படம் எடுத்த கையோடு கசிவும் குறைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் குற்றமாகச் சொல்லப்பட்ட அதே பிசுபிசுப்பு ஓட்டையை அடைக்கிறது.