ஸ்டொக்ஹோமில் முதல் நாளா? வாசா மியூசியத்துக்குப் போங்கள்

நம்ம ஹட்டன் பக்கமிருந்து சுவீடன் போகிற யாராவது முதல் நாள் எங்கே போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் வாசா மியூசியம் என்பேன். கம்லா ஸ்டான் என்கிற பழைய நகரமும் அரண்மனையும் அழகுதான், காலையில் ஒரு சுற்று நடந்தால் போதும். அப்புறம் ஸ்லுசென் படகுத்துறைக்கு இறங்கி யூர்கோர்டன் தீவுக்குப் படகு ஏறுங்கள், பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் வாங்கிய டிக்கெட்டே அதற்கும் செல்லும், சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கொட்டத் தேவையில்லை.

மியூசியத்துக்குள் ஒரே இருட்டு. கண் பழகியதும் தெரிகிறது வாசா என்கிற 69 மீட்டர் நீளப் போர்க்கப்பல், மாதிரி இல்லை, அசல். 1628 ஆகஸ்ட் 10இல் முதல் பயணம் கிளம்பி ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை, காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்களால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. கிளம்பும் முன்பே 30 பேரை மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டு, கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து சோதனையை நிறுத்தியிருக்கிறார்கள், இருந்தும் அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடந்தும் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதைப் படித்ததும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்தது.

பீரங்கி வாசல் மூடிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள், உட்பக்கத்தில் வாயைப் பிளந்த சிங்க முகங்கள், பல்கூடத் தேயவில்லை. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரம் தின்கிற கப்பற்புழு அங்கே வாழாது, அதனால்தான் தப்பியது. 1961இல் கடலடியிலிருந்து தூக்கிய பிறகு மரம் சுருங்கி வெடிக்காமல் இருக்க, உள்ளே இருந்த தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும்படி 17 வருஷம் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்கிற மெழுகு மாதிரி ரசாயனத்தைத் தெளித்தார்களாம். கூட வந்த மச்சான் தேயிலை ஃபெக்டரிக்காரர், சிங்கத்தை விட்டுவிட்டு இதையே வாசித்துக்கொண்டு நின்றார். "நாம ஒரு ராத்திரியில கொழுந்து வாட்டுறோம், இவனுங்க ஒரு கப்பலையே வாட்டியிருக்கானுங்க!"

குறை என்றால் கப்பலுக்குள் ஏற விடமாட்டார்கள், மத்தியானம் கூட்டமும் நெரிசலும். 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆங்கில வழிகாட்டியின் விளக்கம் டிக்கெட்டிலேயே அடங்கும், அதைத் தவறவிடாதீர்கள். வெளியே ஒரு கடையில் தேத்தண்ணி கேட்டோம், ஆறிப்போன சுடுதண்ணியும் பக்கத்தில் ஒரு டீ பேக்கும் வந்தது. மச்சான் பேசவே இல்லை. நீங்கள் கோப்பி சொல்லுங்கள், கார்ட்டும் கையில் இருக்கட்டும், நிறைய இடங்களில் நோட்டு வாங்கமாட்டார்கள்.