டீஜே ஹீரோ 2: வட்டைச் சுற்றுவதில் மட்டும் இல்லை விஷயம்

டீஜே ஹீரோ என்ற இசை வீடியோ கேம் என்றால் வட்டைச் சுற்றும் விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நண்பர்கள் யார் வந்தாலும் முதலில் கை போவது அந்த வட்டுக்குத்தான். ரெண்டு தடவை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இந்த விளையாட்டின் உயிர் வட்டில் இல்லை, அதன் பக்கத்தில் இடமும் வலமும் நகர்ந்து எந்தப் பாட்டு கேட்க வேண்டும் என்று மாற்றும் சின்ன கிராஸ்ஃபேடரில் இருக்கிறது. வட்டு இல்லாத இசை விளையாட்டுகளை என்னால் ரசிக்க முடியும். கிராஸ்ஃபேடர் இல்லாத டீஜே ஹீரோவைக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

முதல் பாகம் 2009 அக்டோபரில் வந்தது, இரண்டாவது அடுத்த அக்டோபரில். உருவாக்கியது ஃப்ரீஸ்டைல்கேம்ஸ், வெளியிட்டது ஆக்டிவிஷன். கன்ட்ரோலர் இரண்டு துண்டு. ஒன்றில் வட்டு, வட்டின் மேலேயே பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று பட்டன்கள். இன்னொன்றில் கிராஸ்ஃபேடர், ஒலியை மாற்றத் திருகும் குமிழ், மதிப்பெண்ணைப் பெருக்கும் யூஃபோரியா பட்டன். மோட்டார் எதுவும் கிடையாது. நாம் அசைத்தால் வட்டு அசையும், விட்டால் நிற்கும்.

நான் இடதுகைக்காரன். இந்த மாதிரிச் சாமான்களை வாங்கும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. கிராஸ்ஃபேடர் இருக்கும் துண்டைக் கழற்றி வட்டின் மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், விளையாட்டின் அமைப்புகளிலும் இடதுகை என்று மாற்றிவிடலாம், அவ்வளவுதான். கிடார் விளையாட்டில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடுமாறியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். திரையில் ஒரு இசைத்தட்டின் விளிம்பு போல வளைந்த பாதை, அதில் மூன்று கோடுகள். பச்சைக் கோடு ஒரு பாட்டு, நீலக் கோடு இன்னொரு பாட்டு, நடுவில் சிவப்பு இடையிடையே வரும் சாம்பிள் என்ற சின்ன ஒலித் துணுக்குகளுக்கு. புள்ளி வந்தால் தட்ட வேண்டும், அம்புக்குறி வந்தால் பட்டனை அழுத்தியபடி வட்டைத் தேய்த்து ஸ்க்ராட்ச் செய்ய வேண்டும். கோடு ஒரு பக்கம் வளைந்தால் கிராஸ்ஃபேடரை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். பச்சைப் பக்கம் தள்ளினால் அந்தப் பாட்டு மட்டும் கேட்கும், நீலப் பக்கம் தள்ளினால் மற்றது, நடுவில் வைத்தால் இரண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதா? கடினமான நிலைகளில் ஸ்பைக் என்று ஒன்று வரும். கோடு ஒரு நொடியின் துணுக்குக்கு மட்டும் வெளியே குத்திவிட்டுத் திரும்பிவிடும். அதற்குள் கிராஸ்ஃபேடரைச் சுண்டி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓரத்திலிருந்து சுண்டுவது சுலபம், திரும்பி வரும்போது ஓரமே தடுத்துவிடும். நடுவிலிருந்து சுண்டுவதுதான் கொடுமை. எங்கே நிறுத்துவது என்று விரலுக்குச் சொல்ல அங்கே உறுதியான தடை எதுவும் இல்லை. வடிவமைப்பில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான். மணிக்கட்டைக் கன்ட்ரோலரின் மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிராஸ்ஃபேடரின் இரு பக்கமும் தொட்டபடி இருக்கட்டும். சுண்டும்போது விரல் மட்டும் அசைய வேண்டும், கை அசையக் கூடாது. இது பழகிவிட்டால் நடுப்புள்ளி தானாகக் கைக்கு வந்துவிடும்.

வந்த பிறகு நடப்பது தனி சுகம். குயின் குழுவின் பாட்டும் டாஃப்ட் பங்க் குழுவின் பாட்டும் கலந்த ஒரு மிக்ஸ் முதல் பாகத்தில் உண்டு. ஸ்பைக்கைச் சரியாகச் சுண்டினால் ஒன்றின் குரல் மற்றதன் தாளத்துக்கு நடுவே கத்தியால் வெட்டினாற்போல வந்து போகும். தவறவிட்டால் நீங்கள் கையாளும் அந்தப் பகுதியின் ஒலி அடங்கிவிடும். நன்றாக ஆடுகிறோமா இல்லையா என்பதை மதிப்பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, காதே சொல்லிவிடும்.

முதல் பாகத்தில் 93 மிக்ஸ்கள், இரண்டாவதில் 83. எண்ணிக்கை குறைந்தாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம் அதில் வந்த ஃப்ரீஸ்டைல் பகுதிகள். அங்கே கோடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விளையாட்டு கட்டளையிடாது. எப்போது வெட்டுவது, எப்போது கலப்பது என்பது நம் இஷ்டம். சும்மா ஆட்டினால் மதிப்பெண் வராது, தாளத்தோடு வெட்ட வேண்டும். முதல் பாகத்தில் ஒரு சாம்பிளைத் திரும்பத் திரும்பத் தட்டுவதைத்தான் ஃப்ரீஸ்டைல் என்றார்கள், அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதே சாதியில் மூத்தது கொனாமியின் பீட்மேனியா. 1997-இல் ஐந்து கட்டைகளோடு வந்தது, 1999-இல் தொடங்கிய டூ டிஎக்ஸ் வரிசையில் ஏழு கட்டைகள் ஆயின. கட்டைகள் தனி, வட்டு தனி. ஏழு கட்டைகளில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டைத் திருப்ப ஒரு கை பாய வேண்டும். அது வேறு வகைச் சவால், விரல்களுக்கான சவால். அங்கே நீங்கள் அழுத்தினால்தான் அந்த ஸ்வரமே பிறக்கும், இசையை வாசிக்கிற உணர்வு வரும். டீஜே ஹீரோவில் பட்டன்கள் வட்டின் மேலேயே இருப்பதால் கை எங்கேயும் பாய்வதில்லை. தட்டுவதும் திருப்புவதும் ஒரே அசைவின் இரண்டு பாதி. ஓடிக்கொண்டிருக்கிற இசையை இங்கே கையால் பிடித்து நிறுத்துகிறீர்கள். எது உசத்தி என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஆனால் நண்பர்கள் வந்தால் எடுத்து வைப்பது இதைத்தான். முதல் பாகத்தில் மோசமாக ஆடினாலும் பாட்டு பாதியில் நின்றுவிடாது, அதுவும் ஒரு காரணம்.

இருவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள். இரண்டாம் பாகத்தில் ஒரு பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் யார் ஜெயித்தார்கள் என்று கணக்குப் போடும் போட்டி ஒன்று இருக்கிறது. நான் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்து ஆடுகிறவன். அவள் பாதி நேரம் வேறெங்கோ பார்ப்பாள், ஆனால் ஃப்ரீஸ்டைல் துண்டு வந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். “பாட்டைக் கேளுடா, சும்மா கோட்டையே முறைச்சிக்கிட்டு இருக்கே” என்பாள். ஃப்ரீஸ்டைலுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சிப் பகுதியிலும் இல்லை. பாடகருக்கு மைக் வைத்துப் பாடும் வசதியும் உண்டு, நாங்கள் அதை ஒரு தடவைக்கு மேல் தொடவில்லை.

இப்போது வாங்கலாமா? 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் இந்தத் தொழிலையே இழுத்து மூடிவிட்டது, ஆகவே கிடைப்பதெல்லாம் பழையதுதான். பழையதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலர் என்றால் அதை இயந்திரத்தோடு இணைக்கும் சின்ன யூஎஸ்பி டாங்கிள் கூடவே இருக்க வேண்டும். “டாங்கிள் தனியாக வாங்கிக்கலாம் சார்” என்று விற்பவர் சொன்னால் வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலருக்கு அந்தத் தலைவலி இல்லை, வயர்லெஸ்ஸாக நேரே இணையும். நின்டெண்டோவின் வீ என்றால் ரிமோட்டை அதன் உள்ளேயே செருக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், அதனால் கூடுதல் பாட்டுகளை எண்ணி வாங்காதீர்கள், தட்டில் உள்ளதுதான் கணக்கு.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது, டிவியை கேம் மோடுக்கு மாற்றி, அமைப்புகளில் தாமதத்தைச் சரிசெய்வது. இதைச் செய்யாமல் “ஸ்க்ராட்ச் சரியாகப் பதியவில்லை” என்று கன்ட்ரோலரைத் திட்டுகிறவர்கள் நிறைய. அப்புறம் எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்பர்ட் நிலை வேண்டாம். மீடியத்தில் கிராஸ்ஃபேடர் கைக்கு வரும் வரை ஆடிவிட்டு மேலே போங்கள். பழைய இயந்திரமே வேண்டாம், கணினி போதும் என்பவர்கள் ஸ்பின் ரிதம் எக்ஸ்டி என்ற விளையாட்டின் பக்கம் போகலாம், மவுஸாலும் ஆடலாம், கணினியோடு இணையும் மிடி டீஜே கன்ட்ரோலர் வைத்திருந்தால் அதையும் இணைத்துக்கொள்ளலாம். கிராஸ்ஃபேடர் வெட்டுக்காக வருகிறவர்களுக்கு மட்டும் டீஜே ஹீரோ 2, டாங்கிளோடு.