ஆரியங்காவு வளைவில் லாரி இடித்தால்: போலீஸ் கேஸா, நஷ்டஈடு கேஸா?

செங்கோட்டைக்காரர் ஒருவரின் பைக்கை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஆரியங்காவு வளைவில் லாரி தட்டி, கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆர் கேரள போலீஸில்தான், விசாரணையும் அங்கேதான். வழக்கை நடத்துவது அரசு, அடிபட்டவர் அங்கே சாட்சி மட்டுமே, குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாக வேண்டும். தாறுமாறாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி-க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) பிரிவு 281-ன்படி அதிகபட்சம் 6 மாதச் சிறை, 1000 ரூபாய் அபராதம் (எலும்பு முறிந்ததால் பிரிவு 125-ம் சேரும், அதில் தண்டனை இன்னும் அதிகம்).

காலுக்கு பிளேட் வைத்த செலவுக்கு அந்த கேஸை நம்பி உட்காராதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-ன்படி குடியிருக்கும் பகுதியின் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். டிரைவர் தப்பு என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும், பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி தரும். போலீஸ் கேஸில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈடு கேஸ் தானாக விழாது. இரண்டும் சேர்ந்தே ஓடலாம். அப்புறம், எஃப்.ஐ.ஆர் நகல் மலையாளத்தில் இருந்தாலும் உடனே வாங்கி வையுங்கள்.