கிளினிக் கடைத்தெருவிலா, ஊருக்கு வெளியிலா? பாஸ்டனும் வான்கூவரும்

வீடற்றோர் தங்குமிடத்தையும் போதை மீட்பு கிளினிக்கையும் எங்கே வைப்பது என்ற சண்டை வட அமெரிக்க நகரங்களில் ஓய்வதில்லை. கடைக்காரர்கள் ‘இங்கே வேண்டாம்’ என்பார்கள். மருத்துவர்கள் ‘நோயாளி இங்கேதானே இருக்கிறார்’ என்பார்கள். வருபவர் வாரத்தில் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று மட்டும் இரு தரப்பும் கேட்பதில்லை. இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கணக்குதான்.

ஊருக்கு வெளியே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் துறைமுகத்தின் லாங் ஐலண்ட் தீவைப் பாருங்கள். தங்குமிடமும் மீட்பு இல்லங்களும் அங்கே இருந்தன. நகரிலிருந்து பேருந்தில் அழைத்துப் போவார்கள். அக்கம்பக்கத்தில் வீடில்லை, அதனால் புகாரும் இல்லை. ஆனால் தீவுக்கு ஒரே பாலம், 1951-ல் கட்டியது. 2014 அக்டோபர் 8 அன்று பாதுகாப்பில்லை என்று அதை மூடினார்கள். நூற்றுக்கணக்கானோர் சில மணி நேரத்தில் வெளியேற, பலருடைய உடைமைகள் தீவிலேயே தங்கிவிட்டன. புதுப் பாலம் கட்டப்போவதாக 2018-ல் நகர நிர்வாகம் அறிவித்தது. தீவுக்கான சாலையோ பக்கத்து ஊரான குயின்சி வழியாகப் போகிறது. அந்த ஊர் மல்லுக்கு நின்றது.

தீவில் இருந்த சேவைகளில் பெரும்பகுதி பாஸ்டன் நகருக்குள் மசாசூசெட்ஸ் அவென்யூவும் மெல்னியா காஸ் சாலையும் சந்திக்கும் பகுதிக்கு வந்தது. பெரிய மருத்துவமனையும், ஹெராயின் போன்ற போதையிலிருந்து மீள்வோருக்கு மாற்று மருந்தான மெத்தடோனைக் கொடுக்கும் கிளினிக்குகளும் ஏற்கெனவே அங்கே இருந்தன. எல்லாம் ஒரே சந்திப்பில் குவிந்ததும் கூடாரங்கள் முளைத்தன, போதை விற்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். வாடிக்கையாளர் எங்கே நிற்பார் என்பது அவர்களுக்கும் தெரியும்தானே. 2023 நவம்பரில்தான் கூடாரங்களை அகற்றினார்கள்.

அப்படியானால் நகர மையம் தப்பா? கனடாவின் வான்கூவர் வேறு மாதிரிச் சொல்கிறது. போதைப் பழக்கம் உள்ளவர்கள் தாங்கள் கொண்டுவரும் போதைப்பொருளைச் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் ‘இன்சைட்’ மையம் 2003-ல் ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் தெருவில் திறந்தது. 2011-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, மையத்திலிருந்து 500 மீட்டருக்குள் போதைப்பொருள் அளவு மீறி நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. நகரின் மற்ற பகுதிகளில் 9.3 விழுக்காடுதான். பலன் அரை கிலோமீட்டரைத் தாண்டினால் தேய்ந்துவிடுகிறது. இதைத் தூக்கிப் புறநகரில் வைத்தால் கட்டடம் இருக்கும், பலன் இருக்காது. அதற்காக அந்தத் தெரு சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, பிரித்து வைப்பது. இங்கே மருந்துக்கு மருந்து கணக்கு மாறும். மெத்தடோன் சிகிச்சையின் தொடக்கத்தில் பெரும்பாலும் தினமும் செவிலியர் முன்னால் குடிக்க வேண்டும். சில நாள் தொடர்ந்து தவறினால் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். பழைய அளவை அப்படியே கொடுப்பது ஆபத்து. இரண்டு பேருந்து மாறி வரச் சொன்னால் ஆள் நின்றுவிடுவார். அமெரிக்காவின் 2024 விதிப்படி முதல் 14 நாளில் அதிகபட்சம் 7 நாளுக்கும், 15-ஆம் நாளிலிருந்து 14 நாளுக்கும், 31-ஆம் நாளிலிருந்து 28 நாளுக்கும் மருந்தை வீட்டுக்குக் கொடுக்கலாம். விதி இடம் கொடுத்தாலும் பல கிளினிக்குகள் அவ்வளவு கொடுப்பதில்லை. அதனால்தான் வாசலில் காலை வரிசை. அதே வேலைக்கான இன்னொரு மருந்தான பியூப்ரெனார்ஃபின் அப்படியல்ல. மருந்துக்கடையில் வாங்கலாம், மாதம் ஒரு ஊசியும் உண்டு. அதை எந்தப் பேட்டையின் சாதாரண கிளினிக்கிலும் வைக்கலாம்.

மெத்தடோனை வேனில் கொண்டுபோய்க் கொடுக்கவும் வழி உண்டு; புதிய வேன்களுக்கு அமெரிக்காவில் 2021-லிருந்து மீண்டும் அனுமதி கொடுக்கிறார்கள். ஆனால் பொதுவாக ஒவ்வொரு மாலையும் வேன் தாய் கிளினிக்குக்குத் திரும்பி மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். ஓடும் தூரம் அதிலேயே சுருங்கிவிடும்.

ஆக, தினசரி சேவை மையத்தில், ஆனால் ஒரே சந்திப்பில் அல்ல. மாதாந்திரச் சேவை பேட்டைகளில். மாதக்கணக்கில் தங்கும் மீட்பு இல்லம் ஊருக்கு வெளியே போகலாம், அங்கே போய்வர இரண்டு பாதை இருந்தால். மையத்தில் வைப்பதென்றால் வரிசை நடைபாதையில் நிற்காமல் உள்ளே உட்கார இடம், பயன்படுத்திய ஊசிகளைப் போட இரும்புப் பெட்டி, காலையில் தங்குமிடம் வெளியே அனுப்பும் நேரத்துக்கு முன்பே திறக்கும் கிளினிக் என எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கடைக்காரர் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது, மதியம் கிளினிக் மூடிய பிறகு கழிப்பறை யார் பொறுப்பில் திறந்திருக்கும் என்பதை.